பழைய டபுள் கெப்புக்கு ப்ரொப்பெலர் ஷாஃப்ட் தேடுவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

மலையகத்து ரோடுகளில் இருபது முப்பது வருடப் பழைய ஃபோர் வீல் வாகனங்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் பல, அவற்றின் ப்ரொப்பெலர் ஷாஃப்ட் பற்றியவை, அதாவது எஞ்சினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுபோகும் நீளக் குழாய் பற்றியவை. ஆகவே இந்த இதழ் முழுவதும் அதற்கே.

கேள்வி: என்னிடம் இருப்பது 1990களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப். ஃபோர் வீல், எல்.என். 106 மொடல், முன்பக்கமும் ஸ்பிரிங் பட்டைதான். தோட்டத்திலிருந்து கரட், கிழங்கு மூட்டைகளை கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஏற்றுகிறேன். போன மாதம் மூட்டைகளோடு ஈர மண்ணில் மேலே ஏறும்போது டக்கென்று பெரிய சத்தம், அப்புறம் வண்டி நகரவே இல்லை. பின் ஷாஃப்ட்டில் டிஃப் (பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல்) பக்கத்து ஜொயின்ட் உடைந்து, குழாயும் கல்லில் அடித்து வளைந்துவிட்டது. நடுவில் பெயாரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்ட் இது. கராஜில் முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். புதிது எங்கும் இல்லை. இணையத்தில் ஒருவர் "ஹைலக்ஸ் ஷாஃப்ட், எல்லா மொடலுக்கும் சரிவரும்" என்று விளம்பரம் போட்டிருக்கிறார், விலையும் அதிகம். வாங்கலாமா? (வாசகர், வெலிமடை)

பதில்: அந்த விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பிவிடாதீர்கள் ஐயா. எல்லா ஹைலக்ஸுக்கும் சரிவரும் ஷாஃப்ட் என்று ஒன்று கிடையாது. சிங்கிள் கெப்புக்கு ஒரு நீளம், டபுள் கெப்புக்கு ஒரு நீளம், டூ வீலுக்கு வேறு, ஃபோர் வீலுக்கு வேறு. 1988இல் வந்த உங்கள் தலைமுறைக்கும் 1997க்குப் பிறகு வந்த தலைமுறைக்கும் கீழே பல சாமான்கள் மாறிவிட்டன. டொயோட்டாவிலேயே பிளேன்ஜின் (ஷாஃப்ட்டைப் போல்ட்டால் பூட்டும் தட்டின்) போல்ட் துளை இடைவெளி இரண்டு மூன்று விதமாக வருகிறது. வாகனத்தின் பெயரைச் சொல்லி ஷாஃப்ட் தேடினால் பெயருக்குத்தான் ஒன்று கிடைக்கும், வண்டிக்குச் சரிவராது. அளவைச் சொல்லித்தான் தேட வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால், உங்களுடையதில் உண்மையில் எது போய்விட்டது என்று பிரித்துப் பாருங்கள். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் முன் துண்டு, சென்டர் பெயாரிங், பின் துண்டு, அதில் உள்ளே வெளியே ஓடும் பல் வைத்த ஸ்லிப், அப்புறம் ஷாஃப்ட்டைச் சாய்வாகவும் சுற்ற விடும் யூனிவர்சல் ஜொயின்ட்கள். உங்கள் கடிதத்தின்படி உடைந்தது பின் ஜொயின்ட், வளைந்தது பின் குழாய். முன் துண்டில் எதுவுமே இல்லாமல் இருக்கலாம். அதைக் கழற்றி மேசையில் வைத்து, ஜொயின்ட்டை இரண்டு பக்கமும் மடக்கிப் பாருங்கள். எங்காவது சிக்கிச் சிக்கித் திரும்பினால் அது முடிந்துவிட்டது. தளர்வாக ஆடினாலும் முடிந்ததுதான். ஜொயின்ட்டின் நான்கு முனையிலும் உள்ள மூடிகளைச் சுற்றிச் செம்மண் மாதிரித் துருத் தூள் தெரிந்தால் உள்ளே கிரீஸ் இல்லாமல் ஊசி பெயாரிங் அரைபட்டிருக்கிறது என்று அர்த்தம். சென்டர் பெயாரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் அந்த ரப்பர் போன பிறகு ஓட்டிக்கொண்டே இருந்ததால்தான் பின் ஜொயின்ட் உடைந்தது என்ற கதையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

இதில் நல்ல செய்தி என்னவென்றால், ஜொயின்ட்டும் சென்டர் பெயாரிங்கும் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. இந்த ஹைலக்ஸ் உலகத்தின் பாதிக்கு விற்கப்பட்ட வண்டி. அவுஸ்திரேலியாவிலும் ஆபிரிக்காவிலும் இன்னும் ஓடுகிறது, ஆகவே சாமான் செய்வதை யாரும் நிறுத்தவில்லை. கடையில் டொயோட்டா எண் கேட்டால் ஜொயின்ட் செட் 04371 என்று தொடங்கும், சென்டர் பெயாரிங் 37230 என்று தொடங்கும், முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் முழுதாக 37140. மீதி இலக்கங்களைச் செஸி நம்பரை வைத்துத்தான் எடுக்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள வருடத்தைச் சொல்லி எடுக்காதீர்கள். ஜப்பானில் ஓடி முடித்துப் பல வருடம் கழித்து இங்கே வந்து பதிவான வண்டிகள் ஏராளம், முதல் பதிவு வருடத்துக்கும் செய்த வருடத்துக்கும் பெரிய இடைவெளி இருக்கும், அந்த இடைவெளிக்குள் மொடலே மாறியிருக்கும்.

இனி அளவு. வண்டியைச் சமதரையில், நான்கு டயரும் தரையில் இருக்கும்படி நிறுத்துங்கள். ஜெக் போட்டுத் தூக்கி அளந்தால் பின் அச்சு கீழே தொங்கும், அந்த அளவு பொய். ஜெக்கில் தொங்கும் வண்டிக்கு அடியில் போவதும் உயிருக்கு ஆபத்து. ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் (கியர்பொக்ஸின் பின்னால் இருந்து இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பிளேன்ஜின் முகத்திலிருந்து சென்டர் பெயாரிங் போல்ட் வரை ஒரு அளவு, அங்கிருந்து டிஃப் பிளேன்ஜின் முகம் வரை இன்னொரு அளவு. மில்லிமீட்டரில் எழுதுங்கள். அடுத்தது பிளேன்ஜ். எத்தனை போல்ட், போல்ட் துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடு வரை எவ்வளவு, இதைக் கிடையாகவும் நெடுக்காகவும் இரண்டு தடவை அளக்க வேண்டும், ஏனென்றால் சிலவற்றில் நான்கு துளையும் சதுரமாக இருக்காது. நடுவில் உள்ள வட்ட மேட்டின் விட்டத்தை மறந்துவிடாதீர்கள், ஷாஃப்ட்டை நடுவில் பிடித்து நிறுத்துவது அந்த மேடுதான், போல்ட் இல்லை. துளை சரியாக வந்து மேடு பொருந்தாத ஷாஃப்ட்டைப் போல்ட்டால் இறுக்கிப் பூட்டிவிட்டால், ஓடும்போது சுற்றுவது தள்ளாடும், கொஞ்ச நாளில் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் ஒயில் சீலும் போகும்.

ஜொயின்ட்டுக்கு மூடியின் விட்டமும், ஒரு மூடியின் வெளி முகத்திலிருந்து எதிர் மூடியின் வெளி முகம் வரையான அகலமும் போதும். இதற்கு டேப் சரிப்படாது, நுணுக்கமாக அளக்கும் வேர்னியர் வேண்டும், லேத் வைத்திருக்கும் எந்த பாஸிடமும் இருக்கும். பூட்டும் வளையம் மூடிக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் குழாயின் வெளி விட்டம். இவ்வளவையும் ஒரு தாளில் படம் போட்டு எழுதி, அதே தாளை ஷாஃப்ட்டின் பக்கத்தில் வைத்து, டேப்பும் தெரியும்படி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேடும் இடம் என்று கேட்டால், பழைய வாகனச் சாமான் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைதான் இன்னும் முதல் இடம். ஆனால் சும்மா போய் "ஹைலக்ஸ் ஷாஃப்ட் இருக்கா" என்று கேட்டால் கடைக்காரர் கைக்கு வந்ததைக் காட்டுவார். உடைந்ததையே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதுதான் நிச்சயம். போக முடியாதவர்கள் படத்தை அனுப்பி, கடைக்காரரிடமும் அதே மாதிரி டேப் வைத்த படம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். படம் பொருந்தினால் இரவு பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லலாம், பதுளை, வெலிமடைப் பக்கம் பாதிச் சாமான் அப்படித்தான் வருகிறது. ஆனால் பில்லில் அளவை எழுதி "பொருந்தாவிட்டால் மாற்றித் தரப்படும்" என்று ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் பணம் போன ஆட்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள்.

கொழும்புக்கு முன்னால், உங்கள் பக்கத்திலேயே விசாரியுங்கள். எஞ்சின் போய்ப் பல வருடமாகக் கொல்லையில் நிற்கும் அதே மொடல் வண்டி எங்காவது இருக்கும். கம்பளை, நாவலப்பிட்டி, பண்டாரவளைப் பக்கத்து கராஜ்காரர்களுக்கு எந்த வீட்டில் எது நிற்கிறது என்று தெரியும். முன்பு இப்படி நின்ற வண்டிகள் சீக்கிரம் உடைபட்டுச் சாமானாக வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வண்டி வைத்திருந்தவர்கள் யாருக்கும் அதை உடைக்க மனம் வரவில்லை. சாமான் அருமையானதற்கும் விலை ஏறியதற்கும் அதுவும் ஒரு பெரிய காரணம்.

பழையதை வாங்கும்போது பார்க்க வேண்டியது: ஸ்லிப்பைப் பிடித்து இரண்டு பக்கமும் முறுக்கிப் பாருங்கள், கையில் ஆட்டம் தெரிந்தால் பல் தேய்ந்துவிட்டது, அதைச் சரிசெய்வது நடக்காத காரியம். ஜொயின்ட் உட்காரும் காது இரண்டிலும் மூடி கையாலேயே வழுக்கி உள்ளே போனால் காது துளை விரிந்துவிட்டது, அதுவும் வேண்டாம். குழாயில் ஒட்டிய சின்னச் சின்ன இரும்புத் தகடுகள்தான் பெலன்ஸ் எடை, அவை அப்படியே இருக்க வேண்டும். தகடு இருந்து உதிர்ந்த சதுர அடையாளம் தெரிந்தால் மறுபடி பெலன்ஸ் செய்யாமல் பூட்ட முடியாது. குழாயில் பள்ளம், நடுவில் புது வெல்டிங், இரண்டில் ஒன்று இருந்தாலும் தொடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான். முன் துண்டு நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். சென்டர் பெயாரிங் புதிது. ஜொயின்ட் எல்லாமே புதிது, உடைந்ததை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விடாதீர்கள், ஒரே சுமையை ஒரே காலம் இழுத்தவை அவை. பின் துண்டுக்கு மட்டும் பழையது தேடுங்கள். சரியான நீளம் கிடைக்காமல், பிளேன்ஜும் ஜொயின்ட்டும் ஸ்லிப்பும் பொருந்தும் நீளமான ஒன்று கிடைத்தால் அதையும் வாங்கலாம், வெட்டிச் சுருக்கலாம். ஆனால் அதை யார் செய்கிறார் என்பதுதான் முக்கியம். லேத்தில் பூட்டி, பழைய வெல்டிங்கைக் கடைந்து எடுத்து, குழாயைச் சதுரமாக வெட்டி, காதை இறுக்கமாக உள்ளே தட்டி, டயல் கேஜ் (சுற்றும்போது வரும் சிறு ஆட்டத்தையும் அளந்து காட்டும் கருவி) வைத்துச் சுற்றிப் பார்த்து, நான்கு இடத்தில் புள்ளி வைத்து, மறுபடி சுற்றிப் பார்த்து, அதன் பிறகே முழுச் சுற்று வெல்டிங். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இதைச் செய்ய வேண்டாம். தண்ணீர்க் குழாய் வாங்கி வெட்டி நடுவில் ஒட்டித் தருகிறேன் என்று சொல்பவரிடம் கட்டாயம் கொடுக்காதீர்கள். அந்தக் குழாய் இந்த முறுக்கைத் தாங்காது. இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது ஷாஃப்ட்டின் முன் முனை கழன்று தரையில் குத்தினால் வண்டி தூக்கி எறியப்படும்.

நீளம் வெட்டும்போது ஸ்லிப் முழுதாக உள்ளே போய் முட்டக் கூடாது. சமதரையில் நிற்கும் வண்டியில் பூட்டிய பிறகு உள்ளே போக ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் இடம் இருக்க வேண்டும். வெளியே வரவும் போதிய பல் பிடிப்பில் இருக்க வேண்டும், ஏனென்றால் பள்ளத்தில் ஒரு சில்லு தொங்கும்போது ஸ்லிப் வெளியே இழுபடும். போல்ட்டை ஹார்ட்வெயார் கடையில் வாங்காதீர்கள், அசல் போல்ட் மெல்லிய மரை வைத்த உயர் இழுவிசைப் போல்ட். பழையது நன்றாக இருந்தால் அதையே பூட்டலாம், நட்டு மட்டும் புதிதாகப் போடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் வண்டியின் பின் ஸ்பிரிங்கில் மேலதிகப் பட்டை போட்டிருக்கிறீர்களா? மரக்கறி ஏற்றும் வண்டிகளில் பாதிக்கு அது உண்டு. பட்டை ஏறினால் வெறும் வண்டி உயரும், ஷாஃப்ட்டின் சாய்வு கூடும், ஜொயின்ட்டின் ஆயுள் குறையும். அதன் மேல், லோவில் (ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் மெதுவான, பலமான கியரில்) போட்டுப் பாரத்தோடு ஈர மண்ணில் ஏறும்போது ஷாஃப்ட்டுக்குப் போகும் முறுக்கு ஹையில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சில்லு மண்ணில் வழுக்கிச் சுற்றி, திடீரென்று ஒரு கல்லைப் பிடிக்கும் கணத்தில்தான் ஜொயின்ட் உடைகிறது. எக்ஸலேட்டரை மிதித்து வைத்துக்கொண்டு வழுக்க விடாமல், நிறுத்தி, பாரத்தில் கொஞ்சம் இறக்கி, மறுபடி ஏறுங்கள்.

கேள்வி: அப்பா விட்டுப்போன லேண்ட்ரோவர் சீரிஸ் 3, 109 அங்குலம். பின் ஷாஃப்ட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பப் போகிறேன். அதுவரை முன் சில்லில் மட்டும் ஓட்டலாமா அண்ணா? வீடு இறக்கத்தில் இருக்கிறது. (வாசகர், அப்புத்தளை)

பதில்: இறக்கத்தில் வீடு என்று எழுதினீர்களே தம்பி, அதனால் முதலில் ஹேண்ட் பிரேக். உங்கள் வண்டியின் ஹேண்ட் பிரேக் பின் சில்லில் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் பின்னால், ஷாஃப்ட் பூட்டும் இடத்திலேயே ஒரு ட்ரம் இருக்கிறது, அதைத்தான் பிடிக்கிறது. பின் ஷாஃப்ட்டைக் கழற்றியவுடன் அந்த ட்ரம்முக்கும் பின் சில்லுக்கும் தொடர்பு அறுந்துவிடும். ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும், கியரில் விட்டாலும், வண்டி தானாக உருளும். ஆகவே கழற்றும் முன்னே வண்டியைச் சமதரைக்குக் கொண்டுபோங்கள், நான்கு சில்லுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், கட்டை என்றால் மரக்கட்டை, கையில் கிடைத்த உருண்டைக் கல் இல்லை. அதன் பிறகு அடியில் போங்கள். பழைய கென்டர், எல்ஃப் லொறிகள் பலவற்றிலும் ஹேண்ட் பிரேக் கியர்பொக்ஸின் பின்னால்தான், லொறிக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஹைலக்ஸில் அது பின் சில்லின் ட்ரம்மைப் பிடிக்கிறது, அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

ஓட்டுவதைப் பற்றி: முன் சில்லில் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் இரண்டையும் லொக் செய்து, மஞ்சள் குமிழை அழுத்தி ஃபோர் வீலில் போட்டால் வண்டி முன் சில்லில் நகரும். ஃபோர் வீலில் இருக்கும்வரை ஹேண்ட் பிரேக்கும் முன் சில்லைப் பிடிக்கும், ஃபோர் வீலை எடுத்த கணத்தில் ஒன்றுமே இல்லை. ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸிலிருந்து ஒயில் ஒழுகாது, பிளேன்ஜ் அங்கேயே இருக்கிறது. ஆனாலும் இது கராஜ் வரை போவதற்கான வழி மட்டுமே. அந்த முன் அச்சு வண்டியின் முழு இழுவையையும் தனியே தாங்கச் செய்யப்பட்டதில்லை. அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் ரோட்டில், மழை ஈரத்தில், எஞ்சின் பிரேக் முழுவதும் முன் சில்லுக்கு மட்டும் போனால் வளைவில் முன் டயர் வழுக்கும், ஸ்டியரிங் கேட்காது. பாரம் ஏற்ற வேண்டாம், ஆட்களையும் ஏற்ற வேண்டாம்.

ஷாஃப்ட் போல்ட்கள் அங்குல அளவு. எட்டில் மூன்று (3/8) அங்குலம், மெல்லிய மரை, தலைக்கு 9/16 சாவி வேண்டும். 14 உள்ளே போகாது, 15 போட்டால் தலை உருண்டுவிடும், அப்புறம் அந்த இடுக்கில் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வாங்கும்போது 88 அங்குல வண்டியின் ஷாஃப்ட்டைத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், நீளம் வேறு. இந்த வண்டிக்குச் சாமான் இங்கிலாந்தில் இன்னும் செய்கிறார்கள், ஆகவே நம்பிக்கையோடு தேடுங்கள். அப்பாவின் வண்டியை விற்காமல் ஓட்டுவதற்காகவாவது கொஞ்சம் பொறுமையாக இருங்கள், கிடைக்கும்.

கேள்வி: மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப். பின் ஷாஃப்ட் கிடைக்காமல் வேறு வண்டியின் ஷாஃப்ட்டை வெட்டிப் போட்டோம். மஸ்கெலியாவில் ஓடும்போது எதுவும் தெரியவில்லை. கித்துல்கல தாண்டி நேர் ரோட்டில் அறுபதைத் தொட்டால் ஆசனமே அதிர்கிறது. பெலன்ஸ் செய்தால் போதும் என்கிறார்கள், உண்மையா? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: பெலன்ஸ் கடைசி வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, அவற்றில் பிழை இருந்தால் எத்தனை தடவை பெலன்ஸ் செய்தாலும் அதிர்வு போகாது.

முதலாவது, ஷாஃப்ட்டைத் தரையில் வைத்து இரண்டு முனையின் காதுகளையும் பாருங்கள். முன் முனையில் குழாயோடு ஒட்டிய காது படுக்கையாக இருந்தால் பின் முனையில் குழாயோடு ஒட்டிய காதும் படுக்கையாகவே இருக்க வேண்டும். யூனிவர்சல் ஜொயின்ட் சாய்வாகச் சுற்றும்போது ஒரே வேகத்தில் சுற்றாது, ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். அந்தக் கூடுதல் குறைவை மறு முனையில் உள்ள ஜொயின்ட் எதிர்த்திசையில் செய்து சமன்படுத்துகிறது. காதுகள் ஒரே நேரில் இல்லாவிட்டால் சமன்படுத்துவதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். வெட்டி ஒட்டிய ஷாஃப்ட்டில் இந்தப் பிழை மிகச் சாதாரணம். ஸ்லிப்பைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டாலும் இதேதான். சில ஷாஃப்ட்டில் குழாயிலும் ஸ்லிப்பிலும் அம்புக்குறி இருக்கும், இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். குறி இல்லாவிட்டால் கழற்றும் முன் நீங்களே பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, குழாய் நேராக இருக்கிறதா என்பது. லேத்தில் டயல் கேஜ் வைத்து முன், நடு, பின் என்று மூன்று இடத்தில் பாருங்கள். ஆட்டம் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் திருப்தி, ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் அந்த வெல்டிங்கை மறுபடி வெட்டியே ஆக வேண்டும். மூன்றாவது, சாய்வு. ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் பிளேன்ஜும் டிஃப் பிளேன்ஜும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். போனிலேயே சாய்வு அளக்கும் வசதி இருக்கிறது, பிளேன்ஜின் முகத்தில் வைத்துப் பார்த்தால் போதும். உங்களுடையது குட்டை ஜீப் என்றால் ஷாஃப்ட்டும் குட்டை, சாய்வு ஏற்கெனவே அதிகம், அதனால் இதில் கொஞ்சம் பிசகினாலும் தெரியும்.

இவை மூன்றும் சரி என்றால் பெலன்ஸ் இயந்திரத்துக்குக் கொண்டுபோங்கள். கொழும்புக்குப் போகும்வரை தற்காலிகமாக, ரேடியேட்டர் ஹோஸுக்குப் போடும் கிளிப் இரண்டைக் குழாயின் பின் முனையில் இறுக்கி, திருகுத் தலையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒரு நிலையில் அதிர்வு குறையும். குறைந்த இடத்தைக் குறித்து வைத்தால் இயந்திரத்தில் வேலை செய்பவருக்கும் உதவும். வெறும் ரோட்டில், நிதானமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜெக்கில் தூக்கி எஞ்சினைப் போட்டுச் சுற்றவிட்டுக் கீழே படுத்துப் பார்ப்பது ஒருபோதும் வேண்டாம், நம் கராஜ்களில் அது நடக்கிறது, உடனே நிறுத்த வேண்டிய பழக்கம்.

ஒரு சின்ன விஷயம், தோட்டத்து மண் ரோட்டில் ஓடிய வண்டி என்றால் குழாயில் காய்ந்து ஒட்டிய சேற்றை முதலில் கழுவிவிட்டுப் பாருங்கள். கட்டியான சேறு ஒரு பக்கம் ஒட்டியிருந்தாலே இந்த அதிர்வு வரும்.

கேள்வி: இறம்பொடை வளைவுகளில் மழை நேரம் பாதுகாப்புக்காக எப்போதும் ஃபோர் வீலில் போட்டே ஓட்டுகிறேன். முன் ஷாஃப்ட்டில் ஜொயின்ட் அடிக்கடி போகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா? (வாசகர், புசல்லாவை)

பதில்: இருக்கிறது. உங்கள் வண்டி போன்ற பழைய பார்ட் டைம் ஃபோர் வீலில் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். வளைவிலோ முன் சில்லு போகும் தூரம் பின் சில்லைவிட அதிகம். மண்ணில் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தை விட்டுவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, அந்த இறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டில் முறுக்காகச் சேருகிறது, ஜொயின்ட் அதைத்தான் வாங்கிக்கொள்கிறது. ஸ்டியரிங் கனத்து, வளைவு முடிந்ததும் கீழே டக்கென்று விடுபடும் சத்தம் கேட்டிருப்பீர்கள். சாதாரண மழை ஈரத் தாரில் டூ ஹையில் (பின் சில்லு மட்டும் இழுக்கும் நிலையில்) மெதுவாக ஓட்டுங்கள், சேறும் மண்சரிவும் ரோட்டை மூடிய இடத்தில் மட்டும் ஃபோர் வீல், தாண்டியதும் எடுத்துவிடுங்கள். டயரும் நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும், முன்னால் புதிதும் பின்னால் தேய்ந்ததுமாகப் போட்டால் நேர் ரோட்டிலும் இதே இறுக்கம் வரும்.

கேள்வி: ஜொயின்ட்டுக்கு எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை கிரீஸ், எந்தக் கிரீஸ்? (வாசகர், கந்தப்பளை)

பதில்: லித்தியம் கிரீஸ், இரண்டாம் இலக்கம். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை, ஆற்றுத் தண்ணீரில் இறங்கி ஏறினால் அந்த வாரமே. ஜொயின்ட்டில் நான்கு மூடியின் சீலிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள், மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது, ஷாஃப்ட்டைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே அடித்துப் பாருங்கள், அப்படியும் வராவிட்டால் ஜொயின்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்லிப்புக்கு மட்டும் அளவாக அடியுங்கள். அங்கே நிரம்ப அடித்தால் கிரீஸ் அடைத்துக்கொண்டு ஸ்லிப் உள்ளே போக முடியாமல் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸைத் தள்ளும். சில புது ஜொயின்ட்களில் கிரீஸ் நிப்பிளே இருக்காது, அவை மூடி முத்திரையிட்டு வருபவை. நம் மண் ரோட்டுக்கு நிப்பிள் உள்ளதையே கேட்டு வாங்குங்கள், பூட்டும்போது நிப்பிள் கிரீஸ் கன் எட்டும் பக்கமாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துப் பூட்டச் சொல்லுங்கள்.